மனசைப் படிக்க மூன்று வருடம்

சிறிய கல்லூரியில் உளவியல் படித்துவிட்டு வரும் மாணவிக்கு வைத்தியம் செய்யும் உரிமை கிடைப்பதில்லை. கிடைக்க வேண்டிய வேறு ஒன்று பல கல்லூரிகளில் அலமாரியிலேயே தூங்குகிறது.

உளவியலில் பட்டப் படிப்பு சேர்ந்த எந்த மாணவியும் முதல் மாதத்திலேயே ஒரு பரீட்சை எழுதியாக வேண்டும். அதை வைப்பவர் பக்கத்து வீட்டு மாமியாக இருக்கலாம், ஊரிலிருந்து வந்த சித்தப்பாவாக இருக்கலாம். “சைக்காலஜியா படிக்கிறே? அப்ப நான் இப்ப என்ன நினைக்கிறேன்னு சொல்லு பார்க்கலாம்!” இரண்டாம் ஆண்டில் கேள்வி மாறும். “இதைப் படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?” மூன்றாம் ஆண்டில் அதே மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு வருவார். “எங்க வீட்ல இவருக்கு ரெண்டு மாசமா ராத்திரித் தூக்கமே இல்ல. யாரோடயும் பேசறதில்ல. நீ கொஞ்சம் பேசிப் பாரேன்.”

முதல் கேள்விக்குச் சிரித்துவிடலாம். இரண்டாவதற்கு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். மூன்றாவது கேள்விதான் விவகாரமானது. அதற்குச் சரியான பதிலைச் சொல்லத் தெரிகிறதா இல்லையா என்பதில்தான் அந்த மூன்று வருடப் படிப்பின் யோக்கியதை இருக்கிறது.

இந்தியாவின் பெரிய நகரங்களில் பெயர் பெற்ற கல்லூரிகளில் உளவியல் துறைக்குப் போட்டி அதிகம். ஆனால் படிப்பு அங்கே மட்டும் நடப்பதில்லை. மாவட்டத் தலைநகரங்களிலும் அவற்றுக்கும் சிறிய ஊர்களிலும் இருக்கும் கலைக் கல்லூரிகளில், வணிகவியலுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடம் ஒதுக்கிய பிறகு மிஞ்சிய ஒரு மாடி மூலையில் இந்தத் துறை இயங்குகிறது. வகுப்பில் இருபது முப்பது பேர், பெரும்பாலும் பெண்கள். மூன்று ஆசிரியர்கள் இருந்தால் அதிர்ஷ்டம். ஒருவர் விடுப்பில் போனால் வளர்ச்சி உளவியலையும் சமூக உளவியலையும் புள்ளியியலையும் ஒருவரே நடத்துவார். சேர்ந்தவர்களில் பலருக்கு முதல் அதிர்ச்சி புள்ளியியல்தான். கணக்கிலிருந்து தப்பிக்க இந்தப் பக்கம் வந்தால், சராசரியும் திட்ட விலக்கமும் இங்கேயும் காத்திருக்கின்றன. ஃப்ராய்டையும் கனவுகளையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதல் பருவத்தில் கிடைப்பது நரம்பு செல்லின் படமும் காதின் குறுக்குவெட்டுத் தோற்றமும்.

இத்தனைக்கும் நடுவில் சிறிய கல்லூரிக்கு ஒரு சௌகரியம் உண்டு. பெரிய வகுப்பில் செயல்முறை என்பது வேடிக்கை பார்ப்பது. இங்கே ஒவ்வொருத்தியும் செய்து பார்க்கலாம். இந்த வாரம் சோதிப்பவள் அடுத்த வாரம் சோதிக்கப்படுபவள். அந்தச் சௌகரியத்தைக் கல்லூரி பயன்படுத்துகிறதா என்பது வேறு விஷயம்.

அலமாரியில் ஒரு பலகை

உளவியல் சோதனைக்கூடம் என்றதும் மின்கம்பிகளையும் திரைகளையும் கற்பனை செய்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பல கல்லூரிகளில் அது ஒரு இரும்பு அலமாரி. உள்ளே நிறுத்துகடிகாரங்கள், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைய ஒரு சாதனம், கண்ணைக் கட்டிக்கொண்டு விரலால் வழி கண்டுபிடிக்க ஒரு புதிர்ப்பாதை, நிறக் கட்டைகள், மூலை மடங்கிய வினாத்தாள்கள். அவற்றோடு ஒரு சாதாரணப் பலகையும் இருக்கும்.

பலகையில் ஒரே படுகோட்டில் இரண்டு பகுதிகள். ஒன்றின் முனைகளில் அம்புத் தலைபோல உட்புறம் மடங்கிய சிறு கோடுகள். மற்றதன் முனைகளில் அவை வெளிப்புறம் விரிந்திருக்கும். இரண்டும் ஒரே நீளமாக இருந்தாலும் விரிந்த முனை உள்ளது நீளமாகத் தெரியும். ஒரு பகுதியை நகர்த்தலாம். இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் திருப்பினால், கண் எத்தனை மில்லிமீட்டர் ஏமாந்தது என்பதை அளவுகோல் காட்டிவிடும். ஜெர்மானியரான ஃபிரான்ஸ் முல்லர்-லையர் 1889-ல் வெளியிட்ட உருவம் இது. அவர் பெயரில்தான் இன்றும் செயல்முறைத் தேர்வில் வருகிறது.

இந்தப் பலகைக்குத் தமிழ்நாட்டோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. பாடப் புத்தகம் அதைச் சொல்வதில்லை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1898-ல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் இருந்தார். அங்கே தீவுவாசிகளின் பார்வையை அளந்தவர், 1901-02-ல் நீலகிரிக்கு வந்தார். தோடர்களிடையே தங்கி, மொழிபெயர்ப்பாளர்களின் உதவியோடு அவர்களுடைய சடங்குகளையும் உறவுமுறைகளையும் எழுதினார். 1906-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் மானுடவியலில் பிரசித்தம். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1905-ல், தோடர்களின் புலன்களைப் பற்றி அவர் ஒரு தனிக் கட்டுரை வெளியிட்டிருந்தார். காட்டுவாசிகளுக்குப் புலன்கள் கூர்மை, அறிவு மட்டு என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ரிவர்ஸ் கண்டது அந்த நம்பிக்கைக்குள் அடங்கவில்லை. முல்லர்-லையர் கோடுகளில் தோடர்கள் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். ஆனால் செங்குத்துக் கோட்டையும் கிடைக்கோட்டையும் ஒப்பிடும் வேறொரு மாயையில் அவர்களே அதிகம் ஏமாந்தார்கள்.

ஏன் என்ற கேள்வி நூறு ஆண்டுகளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1966-ல் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற மூன்று அமெரிக்கர்கள், பல நாடுகளில் திரட்டிய தரவுகளை வைத்து ஒரு விளக்கம் சொன்னார்கள். சதுர அறைகளும் நேர்க்கோட்டு மூலைகளும் நிறைந்த, தச்சன் கட்டிய உலகத்தில் வளர்ந்தவர்களின் கண் அந்தக் கோடுகளை அறையின் மூலைகளாகப் படித்துப் பழகிவிட்டது. வட்டக் குடிசைகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்றார்கள். அழகான விளக்கம். பல பாடப் புத்தகங்களில் இடம்பிடித்துவிட்டது.

அதற்கும் எதிர்ப்பு வந்தது, அதுவும் இந்தியாவிலிருந்து. பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, அவர்கள் பார்க்கக் கற்றுக்கொள்வதை ஆராயும் ‘பிரகாஷ்’ திட்டத்தை நடத்துபவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா. அவரும் சகாக்களும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 16 வயது வரையிலான ஒன்பது பேர் பங்கேற்றார்கள். அறையின் மூலையை வாழ்நாளில் கண்ணால் பார்த்திராத அந்தப் பிள்ளைகளும், பார்வை கிடைத்த உடனேயே இந்தக் கோடுகளில் ஏமாந்தார்கள். பழக்கத்தால் வந்த மாயை என்றால் பழகுவதற்கு அவர்களுக்கு நேரம் ஏது? 2025-ல் டோர்சா அமீர், சாஸ் ஃபயர்ஸ்டோன் என்ற இரு ஆய்வாளர்கள், விலங்குகளும் இதில் ஏமாறுவது உள்பட இன்னும் பல சான்றுகளை அடுக்கி, தச்சன் கட்டிய உலகம் என்ற விளக்கமே நிற்காது என்று வாதிட்டார்கள். அப்படியானால் நீலகிரியில் ரிவர்ஸ் கண்ட வித்தியாசம் எதனால்? விவாதம் முடியவில்லை.

விலை மலிவான ஒரு பலகைக்குள் இத்தனை விஷயம் இருக்கிறது. ஊட்டி மலையில் தொடங்கி தில்லியின் ஆஸ்பத்திரி வரை வந்த கேள்வி, மாடி மூலையில் ஒரு மாணவியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கச் சொல்ல ஆள் வேண்டும்.

ரெக்கார்டு நோட்டு

பல கல்லூரிகளில் நடப்பது வேறு. செயல்முறை வகுப்பு என்பது ரெக்கார்டு நோட்டு எழுதும் வகுப்பாகிவிட்டது. நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு, விவாதம் என்று தலைப்புகள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். சீனியரின் நோட்டு கைமாறும். எந்த முடிவு வரவேண்டும் என்பது சோதனைக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். இருபது பேரில் ஒருத்தி மட்டும் பலகையில் ஏமாறவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அந்த வகுப்பின் சுவாரசியமான ஆள் அவள்தான். அவளுடைய கண்ணில் என்ன விசேஷம், செய்முறையில் பிசகா, ஏற்கெனவே விடை தெரிந்து கையை நகர்த்தினாளா என்று ஒரு மணி நேரம் பேசலாம். அதற்குப் பதிலாக அவள் ரப்பரை எடுப்பாள். புத்தகம் சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணை எழுதுவாள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கேள்வி கேட்பாரே என்ற பயம்.

மதிப்பெண் போகாது. போவது வேறு. மனிதர்களைப் பற்றி ஒரு கருத்து இருந்தால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், சோதனை மறுத்தால் கருத்தைத் திருத்த வேண்டும் என்பது ஒன்றுதான் இந்தப் படிப்பின் உயிர். அந்த ரப்பர் அழிப்பது அதைத்தான். இந்தப் பழக்கத்தோடு பட்டம் வாங்கியவள் நாளை ஒரு பள்ளியில் குழந்தைகளுக்கு வினாத்தாள் கொடுத்து, வரும் எண்ணை அவர்கள் நெற்றியில் ஒட்டத் தயங்கமாட்டாள்.

உலக உளவியலுக்கே இந்தப் படிப்பினை தாமதமாகத்தான் கிடைத்தது. 2015-ல் நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் கூடி, பெயர் பெற்ற மூன்று இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்ரீதியாகக் கவனிக்கத்தக்க முடிவைச் சொன்னவை. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் அப்படித் தேறின. அதற்கு முன் 2008-ல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் வேறொரு கணக்குப் போட்டிருந்தார். அமெரிக்காவின் முன்னணி இதழ்களில் ஆராயப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்வள நாட்டினர்; உலக மக்கள்தொகையில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம். அதிலும் பெரும்பகுதி கல்லூரி மாணவர்கள். ‘மனிதன் இப்படி நடந்துகொள்வான்’ என்று புத்தகம் சொல்லும் இடத்தில் ‘அமெரிக்கக் கல்லூரி மாணவன்’ என்று போட்டுப் படித்தாலும் பல பக்கங்களில் பொருள் மாறாது.

ஸ்டான்ஃபோர்டில் 1971-ல் ஃபிலிப் ஜிம்பார்டோ நடத்திய சிறைச்சாலைச் சோதனை வகுப்பறையில் சினிமாக் கதைபோலச் சொல்லப்படுகிறது. காவலர் வேடம் போட்ட சாதாரண மாணவர்கள் தாமாகவே கொடுமைக்காரர்கள் ஆனார்கள் என்பது கதை. அவர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்பே வழி காட்டப்பட்டது என்பதை ஆவணக் காப்பகத்தைக் குடைந்து பிரெஞ்சு ஆய்வாளர் திபோ லு டெக்சியே 2019-ல் எழுதினார். முதல் பாதி மட்டும் கேட்ட மாணவிக்கு ஒரு கதை தெரியும். இரண்டையும் கேட்டவளுக்கு, கதைகளை எப்படி விசாரிப்பது என்று தெரியும்.

கல் என்றால் கல்தான்

சோதனையை மேற்கிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டால் மொழி காலை வாரிவிடும். நினைவைப் பற்றிய முதல் பெரிய ஆய்வை ஹெர்மான் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்டார். ஆராய்ந்தவரும் அவரே, ஆராயப்பட்டவரும் அவரே. பழகிய சொற்கள் நினைவில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் பொருளற்ற அசைகளைக் கோத்து மனப்பாடம் செய்தார். இன்றும் அந்தச் சோதனை பாடத்திட்டத்தில் உண்டு. ஆங்கிலப் புத்தகத்தின் பட்டியலில் ‘கல்’, ‘ஜல்’, ‘முள்’ போன்ற ஒலிகள் வந்தால் ஆங்கிலேயருக்கு அவை வெற்றொலி. ஜல் என்றால் தில்லி மாணவிக்குத் தண்ணீர். கல்லும் முள்ளும் மதுரை மாணவிக்கு நடந்து பழகிய பாதை. அவள் பட்டியலை வேகமாக ஒப்பித்துவிட்டால் நினைவாற்றல் அதிகம் என்று ரெக்கார்டு நோட்டு எழுதும். தமிழில் பொருளற்ற ஓரசையைத் தேடிப் பார்த்தால் தெரியும் சிரமம். கண், பல், நெய், பொய், வால், தேள் என்று எதைத் தொட்டாலும் பொருள். தன் மாணவிகளின் மொழிக்கு ஏற்ற பட்டியலைத் தானே தயாரிக்கும் ஆசிரியை, ஒரே வாரத்தில் நினைவையும் மொழியையும் சேர்த்துக் கற்பித்துவிடுகிறார்.

ஆளுமைச் சோதனைகளிலும் மனச்சோர்வுக்கான வினாத்தாள்களிலும் சிக்கல் இன்னும் ஆழமானது. மனம் வாடியிருப்பதை ஆங்கிலம் ஒரு நிறத்தின் பெயரால் சொல்லும். தமிழில் அப்படிச் சொன்னால் கேட்பவர் முழிப்பார். இங்கே வருத்தம் பெரும்பாலும் உடம்பின் வழியாகப் பேசும். நெஞ்சு அடைக்கிறது, தலை கனக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது, எதிலும் பிடிப்பு இல்லை. இந்தியில் ‘கப்ராஹட்’ என்ற ஒரு சொல்லுக்குள் பயமும் படபடப்பும் நிலைகொள்ளாமையும் சேர்ந்து கிடக்கின்றன. ஒரு வினாவை மொழிபெயர்த்து, மூலத்தைப் பார்க்காத வேறொருவரைவிட்டு மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது உலகம் முழுவதும் உள்ள நடைமுறை. அதற்குப் பெரிய ஆய்வுநிலையம் தேவையில்லை. இரண்டு மொழி தெரிந்த மாணவிகளும் ஒரு மத்தியானமும் போதும். வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமும் பேசும் பெண் ஒரு சிறு ஊர்க் கல்லூரியில் அபூர்வம் இல்லை. அங்கே அவளுடைய ஆங்கிலம் குறையாகப் பார்க்கப்படுகிறது. அவளுடைய மற்ற இரண்டு மொழிகளும் துறைக்குக் கிடைத்த சொத்து என்று சொல்வார் இல்லை.

இந்தியாவில் இந்தத் துறையைத் தொடங்கியவர்களுக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. ஹார்வர்டில் படித்துத் திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-ல் உளவியல் துறை தொடங்கியது. அதே நகரில் 1922-ல் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், ஃப்ராய்டுடன் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். தன்னிடம் வரும் நோயாளிகளிடம் தான் காண்பது வியன்னாவில் எழுதியதோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போகவில்லை என்று குருவுக்கே மரியாதையாக எழுதினார். மைசூரில் 1924-ல் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலஸ்வாமி லண்டனில் சார்ல்ஸ் ஸ்பியர்மனிடம் பயின்றவர். கருவிகளின் மேல் அவருக்கு இருந்த மோகம் சோதனைக்கூடத்தோடு நிற்கவில்லை. 1935-ல் தன் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தை நடத்தினார். அதற்கு வைத்த ‘ஆகாசவாணி’ என்ற பெயர்தான் பிறகு அகில இந்திய வானொலியின் பெயரானது. அந்தக் காலத்தில் மைசூரின் துறையும் சிறியதுதான்.

உரிமம் எங்கே?

மூன்றாவது கேள்விக்கு வரலாம். தூக்கம் வராத அந்த மனிதரோடு பட்டதாரி மாணவி பேசலாமா? அன்பாகப் பேசலாம். சிகிச்சை தரக் கூடாது. சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு, 1992-ம் வருடச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில். 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டமும், யார் மருத்துவ உளவியலாளர் என்பதற்கு அந்தக் கவுன்சில் ஏற்ற தகுதியைத்தான் கேட்கிறது. நெடுங்காலமாக அதற்கு வழி இளநிலை மூன்று வருடம், முதுநிலை இரண்டு வருடம், அதன்மேல் ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு இரண்டு வருட எம்.ஃபில். பெங்களூரின் நிம்ஹான்ஸ், ராஞ்சியின் மத்திய மனநல நிலையம் போன்ற இடங்களில் அதற்கு இருந்த இடங்கள் சொற்பம், விண்ணப்பங்கள் ஏராளம்.

அந்த வழியும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் ரத்து செய்தது. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்குச் சலுகை கொடுத்தது. அதற்கு மாற்றாக மருத்துவ உளவியலிலேயே நான்கு வருட இளநிலைப் படிப்பையும் புதிய முதுநிலைப் படிப்பையும் மறுவாழ்வு கவுன்சில் வகுத்திருக்கிறது. இவற்றை நடத்த ஆஸ்பத்திரி தொடர்பும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வேண்டும். மாடி மூலைத் துறைக்கு அவை எட்டாது.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்தவர்களுக்கு இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலை அஞ்சல் வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று மானியக் குழு உத்தரவிட்டது. 2021-ல் வந்த, மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் உளவியலும் இருப்பது காரணம். மனிதரை நேரில் பார்க்காமல் மனநலத் தொழில் பழக முடியாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் முதுநிலைப் படிப்பு இல்லாத ஊரில் பட்டம் முடித்து, வீட்டைவிட்டு அனுப்பமாட்டார்கள் என்ற நிலையில் இருக்கும் பெண்ணுக்கு அஞ்சல் வழி ஒன்றுதான் இருந்தது. நியாயமான உத்தரவின் விலையை அவள் கொடுக்கிறாள்.

இந்த ஏணிப்படிகளை எத்தனை கல்லூரிகள் சேர்க்கை நாளில் சொல்கின்றன என்பதுதான் கேள்வி. வழவழப்பான விளம்பரத் தாளில் ‘ஆலோசகர் ஆகலாம்’ என்ற வரி பெரிதாக இருக்கும். எத்தனை வருடம் கழித்து, எந்தப் பதிவோடு என்பது இருக்காது. மூன்றாம் வருடம் முடிந்த பிறகுதான் அப்பாவுக்கு விஷயம் தெரியும். அதற்குள் நகையில் ஒன்று அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

விடுதியில் பதினொரு மணி

தேவை இல்லாத இடத்தில் இந்தப் படிப்பு நடக்கவில்லை. நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. கோளாறுக்குக் கோளாறு மாறினாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் உரிய சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-ல் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர்.

இந்த எண்களின் ஒரு துளி ஒவ்வொரு விடுதிக்குள்ளும் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒரு பெண் அழுதுகொண்டே கதவைத் தட்டினால், தட்டப்படுவது உளவியல் மாணவியின் அறைக் கதவு. “உனக்குத்தான்டி இதெல்லாம் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதே.” சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விஷயமே வெளியே வரும். கேட்பவளுக்கு வயது பத்தொன்பது. அவள் படித்ததெல்லாம் மனச்சோர்வின் வகைகளும் அவற்றைக் கண்டறியும் விதிகளும். தோழிக்கு நோய்ப் பெயர் சூட்டும் சபலம் ஒரு பக்கம். தானே காப்பாற்றிவிடலாம் என்ற வீரம் இன்னொரு பக்கம். இரண்டும் ஆபத்து.

நல்ல ஆசிரியைகள் இதைப் பாடத்திட்டத்துக்குக் காத்திராமல் முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். குறுக்கிடாமல் கேள். நோய்க்குப் பெயர் வைக்காதே. சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகக் கேட்கப் பயப்படாதே. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதே. தனியாக விட்டுவிடாதே, பொறுப்பான பெரியவர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போ. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்கும். மூன்று வருடத்தில் இதை மட்டும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு போனாலும் அந்த மாமிக்குச் சொல்லச் சரியான பதில் கையில் இருக்கும். “மாமி, ரெண்டு மாசம்னா தள்ளிப்போடக் கூடாது. டாக்டர்கிட்ட காட்டணும். பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. நானும் கூட வர்றேன்.”

இனி வரும் வருடங்களில் இந்தப் பதிலைச் சொல்வது கடினமாகும். 2025 ஜூலை 25-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்பு நல்லது. ஆனால் நாட்டில் உள்ள பள்ளிகளையும் கல்லூரிகளையும் பயிற்சி மையங்களையும் கூட்டிப் பார்த்தால், தகுதி பெற்ற அத்தனை பேர் எங்கிருந்து வருவார்கள்? கிடைக்காத இடத்தில் கிடைத்தவரைக் கொண்டு நிரப்புவது இந்திய நிர்வாகத்தின் பழைய வழக்கம். தீர்ப்பு பயிற்சியைக் கேட்கிறது. நிர்வாகமோ கோப்பில் வைக்க ஒரு பெயரைத் தேடும். இருபத்தொரு வயதில் பட்டம் வாங்கிய பெண்ணை ஓர் அறையில் உட்காரவைத்து, வாசலில் பலகை மாட்டி, சட்டத்துக்குக் கணக்குக் காட்ட நிர்வாகங்கள் முன்வரும். அவளுக்கும் வேலை வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ் விற்பவர்கள் கடை விரிப்பார்கள். உதவி தேடி வரும் பிள்ளைக்குத்தான் வித்தியாசம் தெரியாது.

அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லும்போது, ‘இதற்கு நான் இன்னும் தகுதி பெறவில்லை’ என்று சொல்லும் துணிவு எங்கிருந்து வரும்? பலகையில் தன் கண் எத்தனை மில்லிமீட்டர் ஏமாந்தது என்பதைத் திருத்தாமல் எழுதிப் பழகியவளுக்கு அது வரக்கூடும். இந்தப் படிப்பில் சேரும் பலர் உளவியலாளர் ஆகப் போவதில்லை. ஆசிரியைகளாக, வங்கி ஊழியர்களாக, மனிதவளத் துறையில், வீட்டில் அம்மாக்களாக இருக்கப் போகிறார்கள். அடுத்தவர் மனதைப் பற்றித் தான் நினைப்பது தவறாக இருக்கலாம் என்ற சந்தேகம் அத்தனை இடங்களிலும் பயன்படும்.

இதற்குக் கல்லூரிகள் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. பட்டம் எதற்கு உரிமை தரும், எதற்குத் தராது என்பதைச் சேர்க்கை நாளிலேயே பெற்றோருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு பேசி, வருடத்துக்குச் சில நாள் மாணவிகளை அழைத்துப் போகலாம். செயல்முறைத் தேர்வில் எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கமாட்டோம் என்று பல்கலைக்கழகம் ஒரு வரி சுற்றறிக்கை அனுப்பலாம். கடைசியாகச் சொன்னதற்குச் செலவு ஒரு தாள்தான். அது வந்து சேர்ந்தால் அலமாரிச் சாவியைத் தேட ஆரம்பிப்பார்கள்.